இருவர் மூட்டையை ஒருத்தி கட்டியது

மலையூரான குக் சிட்டியில் பனி விழத் தொடங்கிவிட்டால் கிழக்கே போகும் சாலை மூடிவிடும். பிறகு கோடை எட்டிப் பார்க்கும்வரை ஊருக்கு வரவும் போகவும் மேற்குப் பக்கத்து ஒற்றைப் பாதைதான். ஊரில் தங்கிவிடுகிறவர்கள் ஒரு கைப்பிடி. அவர்களில் லோர்னா ஹாகர்ட்டியும் ஒருத்தி. பெர்னிஸ் நடத்தும் விடுதியில் சமையல் அவளுடைய வேலை. வேலை இல்லாத நாளில் பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவாள்.

பதினோரு குளிர்காலமாக அவளோடு மலைக்கு வந்தவன் பர்க். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். இருவருக்கும் இடையில் வேறு ஒன்றும் கிடையாது. ஊர் வாய்தான் என்னென்னவோ பேசியது. இலையுதிர்காலத்தில் ஸ்போக்கேன் நகரில் அவன் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பர்க் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

ஊருக்கு வடக்கே இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு பனிச்சந்து செங்குத்தாக இறங்குகிறது. அதற்கு ஊசி என்று பேர். அதன் உச்சியிலிருந்து சறுக்கி இறங்க வேண்டும் என்பது இருவரின் நெடுநாள் எண்ணம். ஒவ்வோர் ஆண்டும் காற்றோ காய்ச்சலோ குறுக்கே வந்தது. இந்த மார்ச்சில் பனி இறுகி நின்றது. இனி யாருக்காகக் காத்திருப்பது என்று லோர்னா கிளம்ப முடிவு செய்தாள்.

முதல் நாள் மாலை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். இதுவரை கயிறும் மருந்துப் பையும் பர்க்கின் முதுகில் போகும். அடுப்பும் சாப்பாடும் அவள் முதுகில். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே முதுகு. தூக்கிப் பார்த்தாள். ஆளையே பின்னுக்கு இழுத்தது.

எதையாவது கழிக்க வேண்டும். பனிக்கோடரியையும் பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களையும் விட முடியாது. தடித்த கயிறு போகட்டும். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாத கயிறு வெறும் பாரம். பாறையில் சுற்றி இறங்குவதற்கு மெல்லிய கயிறு போதும். மண்வெட்டி இருக்கட்டும், பனியைத் தோண்டிப் பார்க்க உதவும். அப்புறம் அந்த நீளக் கம்பி. பனிச்சரிவில் புதைந்தவரைக் குத்திக் குத்தித் தேடும் கம்பி. கூட வருகிறவர் புதைந்தால்தானே அதற்கு வேலை? அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். தனியாகப் போகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

துவைத்த துணிகளோடு வந்த பெர்னிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலில் கிடந்த பீக்கன் என்ற சிறு கருவியைக் கண்ணால் காட்டினாள்.

"இது பனிக்கு அடியில இருந்து கூப்பிடற மெஷின்தானே? நீ கூப்பிட்டா கேக்கறதுக்கு அங்க யாருடி இருக்கா?"

"நீதான் ஆளு அனுப்பணும். பொணமாவது சீக்கிரம் கெடைக்கும்ல."

"சீ, வாயக் கழுவு! இந்த ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்? எவனையாவது இழுத்துட்டுப் போயேன்."

"வர்றவன் எல்லாம் ஸ்னோமொபைல் வண்டில பின்னாடி உக்காரச் சொல்றான். நடக்கறவன் ஒருத்தனும் இல்ல."

பெர்னிஸ் சிரித்தாள். போகும்போது மட்டும், "இருட்டறதுக்குள்ள வந்துடு, ஆமா" என்று குரலை இறக்கிச் சொன்னாள்.

அடுத்து உடைகள். உடம்போடு ஒட்டும் கம்பளிச் சட்டை, அதே மாதிரி மாற்றுச் சட்டை ஒன்று, காற்றுக்கு மேலங்கி. வாத்திறகு ஜாக்கெட்டில்தான் கை நின்றது. அவளுடையது மெலிசு, சுருட்டினால் ஒரு ரொட்டி அளவு. ஆணியில் தொங்கிய இன்னொன்று பர்க் விட்டுப்போனது. பச்சை நிறம், கைநீளம் அவள் விரல் நுனியைத் தாண்டும், கனம் இரண்டு மடங்கு. தனியாளுக்குக் கால் ஒடிந்தால் ராத்திரி முழுக்கக் கிடக்க நேரும், கனமானதுதான் நல்லது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் சரிதான். ஆனால் கனத்துக்குப் பயந்து கம்பியைக் கழித்தவள்தான் இப்போது அதைவிடக் கனமான ஒன்றைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் கிளம்பினாள். காடு தொடங்கும் இடத்தில் அவளும் பர்க்கும் எதிரெதிரே நின்று ஒருவர் பீக்கன் மற்றவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கால் பழக்கத்தில் அங்கே நின்றது. மார்பில் கட்டியிருந்த பீக்கனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

ஊசியின் அடிவாரத்தில் ஒருவன் பையின்மேல் குறுகி உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். பலகை, பூட்ஸ், மேலங்கி எல்லாம் நேற்றுக் கடையிலிருந்து வந்தவை போல மின்னின. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏம்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் குளிருது. பேரு டெஸ்மண்ட். போஸ்மன்லேர்ந்து வரேன்."

"கூட வந்தவங்க?"

"நாலு பேர் வர்றதா இருந்தாங்க. காலைல பாத்தா ஒருத்தனையும் காணோம்."

அவன் மேலங்கியின் ஜிப்பை இறக்கினாள். உள்ளே பருத்தி பனியன். ஏறும்போது வேர்த்ததெல்லாம் அதில் ஊறி, விளிம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது.

"அடப்பாவி! மேல அத்தனையும் பாத்துப் பாத்து வாங்கியிருக்க, உள்ள போய்ப் பருத்தியா?"

"உள்ள என்ன போட்டிருக்கன்னு யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"குளிரு பாக்கும். கழட்டு."

அவன் விரல்கள் பனியன் விளிம்போடு போராடித் தோற்றன. அவளே கழற்றி, தன் மாற்றுக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டாள். அவனுக்கு அது இடுப்புவரைகூட வரவில்லை. மேலே பச்சை ஜாக்கெட்டைப் போட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய இடத்தில் ஊசி தெரிந்தது. வெயில் பாதிச் சந்துவரை இறங்கியிருந்தது. அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது இப்படி வா என்று அழைத்ததில்லை.

"நீங்க ஏறுங்க. நான் மெதுவா எறங்கிக்குவேன்" என்றான் அவன். நாக்கு குழறியது. எழுந்தவன் தள்ளாடி மறுபடி உட்கார்ந்தான்.

லோர்னா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த, ஏறும்போது வழுக்காமல் பிடிக்கும் பட்டைகளை உரித்துச் சுருட்டினாள். "எந்திரி. என் தடத்துலேயே வா. நான் நிக்கற எடத்துல நில்லு."

மேட்டுக்கு மேடு நின்று, "வா!" என்று கூப்பிட்டாள். "வரேன்!" என்று மேலிருந்து பதில் வந்தது. பின்னால் பலகை பனியைக் கீறும் சத்தம் நெருங்கி வரும். அதைக் கேட்டபிறகே அவள் நகர்வாள். உச்சி கைவிட்டுப் போனதை வழியில் மறந்தே போனாள். காடு வந்தபோது இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கக்கூடாதா என்றுகூடத் தோன்றியது.

சாலையோரத்தில் ஒரு வண்டி நின்றது. அதைச் சுற்றி நாலு பேர்.

"டேய் டெஸ்! நீ செத்துட்டேன்னு பங்கு பிரிச்சுட்டு இருக்கோம்டா!"

"துரோகிங்களா! இப்பத்தான் விடிஞ்சுதா?" டெஸ்மண்டின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "இவங்க மட்டும் வரலேன்னா நான் அவ்வளவுதான். இவங்க..." அவளைப் பார்த்தான். "மன்னிச்சுக்கங்க, உங்க பேரு என்ன?"

"லோர்னா."

"லோர்னா! வாங்க, பீர் வாங்கித் தரோம்."

"இல்லப்பா, சமையல் வேலை இருக்கு" என்றாள். அன்று அவளுக்கு வேலை இல்லை. அவன் ஜாக்கெட்டைக் கழற்றப் போனான். "போட்டுக்கோ. அப்புறமா குடு" என்றாள். வண்டி சிரிப்பும் கூச்சலுமாகத் திரும்பி மதுக்கடைப் பக்கம் போயிற்று. பின்கண்ணாடியில் கொஞ்ச தூரம் பச்சை தெரிந்தது. ஏன் அவர்களோடு போகவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

அறைக்குப் போய் பர்க்குக்கு போன் செய்தாள். பின்னணியில் இரண்டு குழந்தைகளும் வீறிட்டன.

"சொல்லு கிழவி!"

நடந்ததைச் சொன்னாள்.

"ஜாக்கெட்டா? எந்த ஜாக்கெட்டு?"

"பச்சை."

"ஓ, அங்க விட்டுட்டேனா? ஜிப்பு தகராறுல்ல அது? போகட்டும் விடு. ஆமா, ஊசில பனி எப்படி இருந்துச்சு?"

"கெட்டி. மேல விரல் கனத்துக்குப் புதுசு. பாதிக்கு வெயில் வந்துருச்சு."

"இன்னும் சொல்லு" என்றான் பர்க். குரல் வேறு மாதிரி இருந்தது.

அவள் வாயெடுப்பதற்குள் அவன் மகள் எங்கிருந்தோ அழைத்தாள். "வரேம்மா, வரேன்... லோர்னா, வச்சுடறேன்." போன் அடங்கியது.

அடுத்த வாரம் வானம் மறுபடி தெளிந்தது. இம்முறை பை கட்ட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கயிறு, மண்வெட்டி, தன் மெலிசான ஜாக்கெட். அடிவாரத்தில் யாருடைய தடமும் இல்லை. கோடரியை ஊன்றி ஊன்றி, மூச்சு வாங்க நின்று நின்று ஏறினாள். நடுப்பகலுக்கு உச்சியில் இருந்தாள்.

காற்று இல்லை. நாலா பக்கமும் மலைகள், ஒன்றின்பின் ஒன்றாக வெள்ளையாய். ஏதாவது சத்தம் போட வேண்டும்போல இருந்தது. பிளாஸ்கைத் திறந்து குவளையில் தேநீர் ஊற்றினாள். இன்னும் சூடாகவே இருந்தது. பாதி குடித்ததும் பக்கத்தில் நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டாள். மீதியையும் தானே குடித்தாள், அவசரப்படாமல். பிறகு பலகைகளை மாட்டி, முனைகளைச் சந்தின் பக்கம் திருப்பினாள்.