திரும்பக் கூப்பிடும் குரல்

அந்தக் கால் உள்ளே நுழையும்போதே லியெனுக்குக் குமட்டியது. வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு விரலிடுக்குகளில் திரண்டு கிடந்தது. குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி கழன்று, உள்ளே ஈரமாக இருந்ததைக் காட்டிக்கொண்டு தொங்கியது. கால் கழுவ வேண்டும், அல்லது துடைக்கவாவது வேண்டும் என்ற யோசனையே இல்லாமல், அந்த ஆள் சின்ன முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முன்வரிசையில் இருந்த தோல்செருப்பை எடுத்து அதற்குள் காலைத் திணித்தான். சாமி மாடத்தில் ஏற்றி வைத்த ஊதுபத்தி இன்னும் பாதிகூட எரிந்திருக்கவில்லை. அதன் வாசனையை அந்தக் கால் ஒரே நொடியில் விழுங்கிவிட்டது.

லியென் சிரித்தாள். செருப்புக் கடைக்காரிக்குச் சிரிப்பும் சரக்குதான். கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டினாள். அவன் பாதியைத் தட்டினான். அவள் கொஞ்சம் இறங்கினாள். அவன் தலையை ஆட்டி, ஒரு மாதிரிப் புன்னகை செய்து, செருப்பைக் கழற்றி நடுக்கடையில் விட்டுவிட்டு எழுந்து நடந்தான். வேகமாக நடக்கவில்லை. கூப்பிடுவாள் என்று தெரிந்து வைத்திருப்பவனைப் போலக் காதைப் பின்னால் விட்டுவிட்டு மெதுவாக நடந்தான். இந்த வருடம் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். முன்பெல்லாம் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு சொன்ன விலையைக் கொடுப்பான், இன்னொருவன் சண்டைக்கு வருவான், ஆளுக்கு ஒரு தினுசு. இப்போது எல்லோருக்கும் அதே பாதி விலை, அதே புன்னகை, அதே நடை.

"ஓகே, ஓகே! கம் பேக்! மிஸ்டர், கம் பேக்!" என்று லியென் கூப்பிட்டாள். நாள் முழுக்க இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் குரலே தனியாக ஒன்று ஆகிவிட்டது. மேலே ஏறி, நடுவில் ஒரு சிரிப்பில் வழுக்கி, கடைசியில் கெஞ்சலாக இழுபடும். இன்றைக்கு அதுவும் பலிக்கவில்லை. அவன் பெண்டாட்டி எதிர்க்கடைத் தொப்பியைக் காட்ட, இருவரும் அப்படியே போய்விட்டார்கள்.

முதல் ஆளே வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. ஹனோயில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குகிற எண்ணம் இல்லாதவர்கள் காலையில் எந்தக் கடைப்படியையும் மிதிக்கமாட்டார்கள். லியென் பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டிப் பற்றவைத்து, செருப்பு வரிசைகளுக்கு மேலே வீசினாள். முக்காலியைச் சுற்றினாள். ராசி கெட்டவர் நின்ற இடம், உட்கார்ந்த இடம் எல்லாவற்றுக்கும் தீயைக் காட்டவேண்டும். "நல்ல ராசி நில்லு, கெட்ட ராசி ஓடு" என்று முணுமுணுத்தபடி வாசற்படியில் சாம்பலைப் போட்டு மிதித்தாள்.

எதிரே தொப்பிக்கடை வைத்திருக்கும் தோவா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "என்னக்கா, காலங்காத்தாலயே கடையக் கொளுத்திட்ட?"

"கடைய இல்லடி, அந்த எருமையோட ராசியக் கொளுத்துறேன். அவன் கால பாத்தியா? அத உள்ள விட்ட செருப்ப இனிமே யாரு தலையில கட்டுறது? சீ!"

"நேத்து எனக்கும் ரெண்டு பேரு இதே கூத்துதான். பாதி கேக்குறது, பல்லக் காட்டுறது, எந்திரிச்சு நடக்குறது. எவனோ ஒக்கார வெச்சுப் பாடம் எடுத்து அனுப்புறான்க்கா."

"எவன்னு மட்டும் தெரியட்டும். இந்தச் செருப்பையே அவன் வாயில திணிக்கிறேன்" என்றாள் லியென்.

சொன்னது வேடிக்கைக்கு இல்லை. வாடகை வாங்கும் கட்டடச் சொந்தக்காரர் போன வாரமே வந்து போயிருந்தார். பக்கத்துக் காப்பிக்கடைக்காரன் இந்த முன்பக்கத்தையும் கேட்கிறானாம். அவன் கடையில் மனிதர்கள் உட்கார இடமில்லாமல் நடைபாதையில் குந்தி முட்டைக்காப்பி குடிக்கிறார்கள். "இந்த மாசம் எப்படிப் போகுதுன்னு பாரும்மா. இல்லேன்னா நீயே யோசிச்சு ஒரு முடிவு சொல்லு" என்று அவர் இதமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் லியெனும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். கணவன் போனபிறகு அவளையும் மகளையும் தாங்கியது இந்தக் கடை. மேலே மச்சில் இருவரும் படுத்துக்கொள்ள, கீழே ஒரு அகலக் கதவும் செருப்பும். கதவு போனால் அவள் வெறும் மச்சு வீட்டுக் கிழவி.

ஆனாலும் அவளுக்கு ஒரு தெம்பு உண்டு. நாளை சந்திர மாதத்தின் முதல் நாள். அன்றைக்கு முதல் போணி மகள் குயெனுடையது. குயெனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைராசி. அவள் முதலில் தொட்டு வாங்கினால் அன்று செருப்பு தானாகக் காலில் ஏறிக்கொண்டு போகும் என்று தெருவுக்கே தெரியும். தோவாகூட அவளைக் கடன் கேட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் குயென் படியிறங்கி வந்து, பேரம் பேசாமல் ஒரு ஜோடி எடுத்து, புது நோட்டை இரண்டு கையாலும் நீட்டுவாள். லியென் அதைச் சாமி மாடத்தில் வைப்பாள். இப்போது அவள் இரண்டு சந்து தள்ளி வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை உத்தியோகம் பார்க்கிறாள். ஆங்கிலம் மழையாகக் கொட்டுகிறது. ஆனாலும் மாதப் பிறப்பை மறந்ததில்லை.

அன்று மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆணியில் குயெனின் மழைக்கோட்டு தொங்கியது. வியாபாரம்தான் இல்லையே என்று லியென் கடையைத் தோவாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் குடையோடு கிளம்பினாள்.

ஓட்டல் வாசலில் எலுமிச்சைப்புல் மணம் அடித்தது. உள்ளே தரை முகம் தெரிகிற மாதிரி மின்னியது. சொட்டச் சொட்ட அதை மிதிக்கக் கூச்சப்பட்டு லியென் கதவோரம், குடைகள் வைக்கும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு நடுவயது ஜோடி சோபாவில் உட்கார்ந்து குளிர்ந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. எதிரே முழங்காலிட்ட மாதிரி, ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குயென் இருந்தாள். உடம்போடு ஒட்டிய நீண்ட நீல ஆவ்சாய் உடுப்பில் அவ்வளவு லட்சணமாக இருந்தாள். ரோட்டைக் கடக்கும்போது நிற்காமல், ஓடாமல், ஒரே சீராக நடக்கவேண்டும் என்று இரண்டு விரலை மேசையில் நடக்கவிட்டுக் காட்டினாள். வாசலில் நிற்கிற டாக்சியில் ஏறாதீர்கள் என்று கையை ஆட்டினாள். படம் எடுக்கச் சொல்லிக் காசு கறக்கப் பழக்காரி தன் கூடைக் காவடியை உங்கள் தோளில் வைக்க வந்தால் இப்படி விலகுங்கள் என்று தோளைச் சாய்த்தாள். வார்த்தைகள் புரியாவிட்டாலும் லியெனுக்கு எல்லாம் புரிந்தது. எவ்வளவு அக்கறையாகச் சொல்லுகிறாள் பார், யார் பெற்ற பிள்ளைகளுக்கோ, என்று பெருமையாகக்கூட இருந்தது.

கதவுக்காரன் அவளைப் பார்த்துவிட்டான். "குயென் அம்மாதான? உள்ள வாங்க. உங்க பொண்ணு பேச்சக் கேட்டுட்டு ஊருக்குப் போய் எல்லாரும் நெட்டுல அவ பேர் போட்டுப் பாராட்டி எழுதுறாங்க. பேர் வந்தா முதலாளி தனியா காசு குடுப்பாரு. இப்பப் பாருங்க, செருப்புக்கடைக் கூத்து வரும். தெனம் பாத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது."

குயென் ஓட்டலின் துணிச்செருப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கால்சட்டையை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொள்கிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தாள். கைப்பேசியைக் கால்குலேட்டராக மார்போடு அணைத்து, முகத்தைக் கோணலாகச் சாய்த்து, கீழுதட்டை நக்கி, எண்களைத் தட்டினாள். "ஹாஃப்" என்று ஒரு விரலால் வெட்டிக் காட்டினாள். பிறகு எழுந்து வாங்குகிறவளாகி, புன்னகை செய்து, மெதுவாக நான்கு அடி நடந்தாள். அந்த நடையை லியென் காலையில்தான் பார்த்திருந்தாள். குயென் சட்டென்று திரும்பி, முதுகை வளைத்து, கையை நீட்டினாள்.

"ஓகே, ஓகே! கம் பேக்! மிஸ்டர், கம் பேக்!"

மேலே ஏறி, சிரிப்பில் வழுக்கி, கெஞ்சலாக இழுபட்ட அந்தக் குரல் லியெனின் குரல். அச்சு அசலாக அவளுடையது. சோபாவில் இருந்தவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புருஷன்காரன் தொடையில் தட்டினான். மேசைக்குப் பின்னால் முதலாளி, "இன்னொரு தடவ செய்மா, அவரு வீடியோ எடுக்கட்டும்" என்றார். குயென் இன்னொரு தடவை செய்தாள்.

லியென் மழைக்கோட்டைக் கதவுக்காரன் கையில் திணித்துவிட்டு வெளியே வந்தாள். குடையை விரிக்கத் தோன்றவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அருவருப்பு. இத்தனை நாளும் ஊரான் காலைப் பார்த்துக் குமட்டியவளுக்கு இப்போது தன்னைப் பார்த்தே குமட்டியது. தன் கீழுதட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. அது அப்படியா நக்குகிறது? அந்தக் குரல், எச்சில் வழிகிற அந்தக் குரல், இத்தனை வருடமா தெருவில் அலைந்திருக்கிறது? பெற்ற மகள் அதை மேலே மச்சில் படுத்துக்கொண்டு கேட்டு, மனப்பாடம் செய்து, கூலிக்கு ஆடிக் காட்டுகிறாள். பொய்யாக ஆடியிருந்தால் மன்னித்துவிடலாம். ஒரு சுழிப்புகூடப் பிசகவில்லை. லியென் சாக்கடையோரம் குனிந்து துப்பினாள். மறுபடியும் துப்பினாள்.

மாலையில் வந்த நாலு பேரில் மூன்று பேர் எழுந்து நடந்தார்கள். கூப்பிட வாயைத் திறந்தால் உதடு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். எதிரிலிருந்து தோவா, "அக்கா, போறாங்க பாரு, கூப்புடேன்!" என்று கத்தினாள். லியென் தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டினாள்.

இரவு சோற்றுக் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து குயென் கேட்டாள். "கொட்டுற மழையில நீயேவா வந்த? உள்ள வந்திருக்கலாம்ல?"

"தரை நனஞ்சிரும்."

"நனஞ்சா தொடச்சுக்கிறாங்க. சரி, நாளைக்கு மாசப் பொறப்பு. நான் எறங்குறதுக்கு முன்னாடி யாரையும் உள்ள விட்டுராத. போணி என்னோடது."

"ம்" என்றாள் லியென். கீரையை எடுத்து மகள் கிண்ணத்தில் வைத்தாள். அவள் மெல்லும்போது கீழுதட்டையே பார்த்தாள். அதுவும் தன்னுடையதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

காலையில் சாமி மாடத்தில் பழமும் பூவும் வைத்து, கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். மேலே குயென் தலை வாருகிற சத்தம் கேட்டது. அந்த இடுக்கு வழியாகவே இருவர் உள்ளே வந்துவிட்டார்கள். நேற்று சோபாவில் இருந்த அதே ஜோடி. "க்ளோஸ், க்ளோஸ்" என்று லியென் கையை ஆட்டினாள். அதுவும் கூத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்து, நேற்றுப் பயணத்தில் வீங்கிய காலை முன்வரிசைச் செருப்புக்குள் நுழைத்தாள். வியர்வையில் அது சப்பென்று ஒட்டியது. லியென் கண்ணை மூடித் திறந்தாள். கால்குலேட்டரை எடுத்தாள். மார்போடு அணைக்காமல் இருக்கக் கையைத் தள்ளி நீட்டிப் பிடித்தாள். விலை. பாதி. கொஞ்சம் இறக்கம். புன்னகை. இருவரும் எழுந்தார்கள், படி இறங்கினார்கள், மெதுவாக நடந்தார்கள்.

குரல் தானாகவே கிளம்பித் தொண்டைவரை வந்தது. லியென் அதைப் பிடித்து விழுங்கினாள்.

அவர்கள் முனையிலிருந்த மரம்வரை போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது இல்லை. நின்றார்கள். அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு இருவரும் திரும்பிக் கடையைப் பார்த்தார்கள்.

முக்காலியில் அவர்கள் மறந்துவிட்டுப் போன வரைபடம் கிடந்தது. செருப்புத் தெருவைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம். குயென் போட்டது. லியென் அதையே சுருட்டிப் பற்றவைத்தாள். வழவழத்த தாள், கறுப்பாகப் புகைந்து நாறியது. செருப்புகளுக்கு மேலே வீசினாள். முக்காலியைச் சுற்றினாள்.

"அம்மா! யாராவது வந்துட்டாங்களா?" குயென் நீல உடுப்பில், புது நோட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி மரப்படியில் இறங்கி வந்தாள். "ஐயோ, நான் வர்ற வரைக்கும் விடாதன்னு சொன்னேன்ல? எங்க அவங்க? அந்தா, மரத்துகிட்டதான நிக்கிறாங்க! கூப்பிட வேண்டியதுதான? கூப்பிட்டா வந்துருவாங்கம்மா."

"நீ கூப்பிடு."

"நானா?"

"உனக்குத்தான் என்னவிட நல்லா வருதே, என் கொரலு."

மரத்தடியில் இருந்தவர்கள் குயெனைக் கண்டுகொண்டார்கள். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. புருஷனை இடித்துக் காட்டி, கையை உயர்த்தி, சொந்தக்காரியைப் பார்த்துவிட்டவளைப் போல ஆட்டினாள். குயென் கை ஆட்டவில்லை. கீழுதடு பிரிந்து, சத்தம் எதுவும் வராமல் அப்படியே நின்றது.

லியென் எரிகிற தாளோடு வாசற்படியைச் சுற்றிக் கொண்டுவந்தாள். மூலையைச் சுற்றினாள். மரப்படியின் கீழே, மகளுடைய வெறும் கால்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. சுத்தமான கால்கள், நகம் வெட்டி, இன்னும் குளித்த ஈரம் காயாமல். தீ அவள் விரலுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. சுற்றவும் இல்லை, கீழே போடவும் இல்லை, பிடித்தபடியே நின்றாள்.