முப்பது வரை எண்ணுங்கள்

நெட்காரர் என் கணினியின் முன் உட்கார்ந்ததும் முதலில் சிரித்தார். நான் திறந்து போட்டிருந்த டேப்கள் திரையின் உச்சியில் பெயர்கூடத் தெரியாத அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"ஏம்மா, இத்தனை ஜன்னலத் தொறந்து வெச்சா கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் பிடிக்காதா?"

"மெதுவாப் பேசுங்கண்ணா. உள்ள மீட்டிங் நடக்குது."

அவர் மூடிய கதவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டேப்களை ஒவ்வொன்றாக மூடினார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். கதவுக்குப் பின்னால் என் கணவரின் குரல், "இன்னைக்குள்ள முடிச்சு அனுப்பிடுறேன் சார்" என்றது.

இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று என் கணவர் வந்து சொல்லி நான்கு மாதமாகிறது. சின்ன அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தோம். அங்கிருந்த பீரோ கூடத்துக்கு வந்தது. அந்த வாரத்திலிருந்துதான் என் இணையம் நொண்ட ஆரம்பித்தது. நான் பிள்ளைகளுக்குத் திரை வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். பின்னத்தைப் பாதி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "மிஸ், நீங்க நின்னுட்டீங்க" என்பார்கள். பத்துப் பிள்ளைகளின் வீட்டில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பேன். இந்த வாரமும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஒரு பையனின் அம்மா சொல்லிவிட்டாள்.

அவருடைய மீட்டிங்குகள்தான் எல்லாவற்றையும் உறிஞ்சுகின்றன என்று நினைத்தேன். அது நியாயம் என்றும் நினைத்தேன். காலை வகுப்புகளை மாலைக்குத் தள்ளினேன். டீ கொண்டுபோகும்போது காமிராவில் என் தலை விழக்கூடாது என்பதற்காக, தாழ்ந்த நிலைப்படிக்குள் நுழைகிறவள் மாதிரி குனிந்து போவேன். அவர் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்துவார். அங்கே வை என்று அர்த்தம். அந்த விரலில்கூட எனக்கு ஒரு பெருமை இருந்தது.

"ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்துடலாம்மா."

"வேண்டாம்ணா. நெட்ட மட்டும் தொடக்கூடாதுன்னு காலைலயே சொல்லிட்டாரு."

"முப்பது எண்ணுறதுக்குள்ள திரும்ப வந்துடும். திட்டுனா என்னைக் கை காட்டிடுங்க."

பீரோவின் தலையில், போர்வை மூட்டைக்குப் பின்னால் இருந்த நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பச்சைப் புள்ளிகள் எல்லாம் அணைந்தன. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி கரகரவென்று நகரும், கதவு திறக்கும், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனசுக்குள் வார்த்தை தேடினேன். நெட்காரர் முணுமுணுப்பாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது, பத்து.

"ஆமா சார், அந்த மூணாவது பாயிண்ட் சரிதான்," என்றது கதவுக்குப் பின்னால் என் கணவரின் குரல்.

இடைவெளி. எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் அளவான இடைவெளி. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "இல்ல இல்ல, அத நான் பாத்துக்கறேன்."

பதினேழில் எண்ணிக்கை நின்றுவிட்டது.

"ஃபோன் நெட்டுல பேசுறாரு போல," என்றார் நெட்காரர், என்னைப் பார்க்காமல்.

இரண்டு பேரின் கண்களும் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போயின. என் கணவரின் ஃபோன் அங்கே கவிழ்ந்தபடி சார்ஜில் கிடந்தது. நெட்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

பழுது பீரோவின் காலடியில் இருந்தது. வெளியிலிருந்து வரும் கேபிளின் மேலேயே பீரோ உட்கார்ந்திருந்தது.

"எப்ப நகர்த்துனீங்க?"

"நாலு மாசம் இருக்கும்."

"அப்பலேருந்து நசுங்கிக் கிடந்திருக்கு. நீங்க வேற யாரையோ குத்தம் சொல்லிட்டு இருந்திருப்பீங்க."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் முகம் மாறினார். நசுங்கிய இடத்தை வெட்டி ஒட்டினார். திரையில் வேகம் காட்டும் முள் விறுவிறுவென்று நூறைத் தாண்டியது. பையை மூடும்போது, "சாருக்கு ஒண்ணும் தொந்தரவு இருக்காதுன்னு நெனைக்கிறேன்," என்று பைக்குள் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

நான் பீரோவில் சாய்ந்து நின்றேன். சும்மா நிறுத்தினால் துருப்பிடிக்கும் என்று போன மாதம் அவர் பைக்கை விற்றது ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் நான் தேய்த்து அடுக்கிய ஐந்து சட்டைகள். ஆனால் நெஞ்சில் உறுத்தியது அந்தச் சிரிப்புதான். எதிரில் ஆளில்லாமல் அதை எப்படிச் சிரிக்க முடிந்தது. இந்த நான்கு மாதத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு மணிக்குச் சாப்பிட வந்தார். முகம் மழித்திருந்தார். மோவாயில் சின்னக் கீறல்.

"ஆள் வந்தாரா?"

"வந்தாரு. சரியாயிடுச்சு." தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். "நடுவுல உங்களுக்கு ஏதாவது கட் ஆச்சா?"

"சேச்சே. ஒரு செகண்டு கூட இல்ல."

வயரைப் பிடுங்கிய கதை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால், நாளைக் காலை ஒன்பது மணிக்கு இந்த மனுஷன் எங்கே போய் உட்காருவார் என்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றேன். அவர் குனிந்து சாப்பிட்டார்.

நான்கு மணிக்கு டீயோடு கதவருகே நின்றேன்.

"ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" என்றார் உள்ளே. பிறகு காத்திருந்தார். கையில் டம்ளர் சுட, நானும் அவரோடு காத்திருந்தேன்.

"ஆங், சொல்லுங்க சார்."

முழங்கையால் கதவைத் தள்ளினேன். நிமிர்ந்து நடந்தால் திரை தெரிந்துவிடும். அவர் திரும்பாமல் விரலை உயர்த்தினார். வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தேன்.