ஒன்பது பேர் ஏறும் லாரி

தன் படையை விற்கப் போவதாக வாலென்டி சனிக்கிழமை மதியம் சொன்னான். அதுவும் இரண்டாவது ரோஜா ஜாம் பன்னைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னதால் யாரும் முதலில் நம்பவில்லை.

"லுப்ளின்லேருந்து ஒருத்தர் அஞ்சு மணிக்கு வரார். இந்த ஆட்டம் முடிஞ்சதும் எல்லாத்தையும் பெட்டியோட குடுத்துடப் போறேன். ஏழு வருஷம் ஆச்சு. ஒரு தடவ கூட ஜெயிக்கல. எனக்கு இதுக்கான மூளை இல்ல, அவ்வளவுதான்."

வாலென்டி பஸ் பணிமனையில் மெக்கானிக். அவன் படை என்பது இரண்டு சென்டிமீட்டர் உயரப் பொம்மைச் சிப்பாய்களும் அவர்கள் ஏறிப் போகிற லாரிகளும். எங்கள் வான்ட்சுட் ஊரின் ரெஜிமென்ட், ஜெர்மன் படை எங்கள் நாட்டுக்குள் நுழைந்த 1939 செப்டம்பரில் இருந்தபடி. குதிரைப்படையாக இருந்து, போருக்குச் சற்று முன்புதான் குதிரையை விட்டு லாரிக்கு மாறியவர்கள். ஒவ்வொருவனுக்கும் கறுப்புத் தோல் கோட்டு, அதில் பட்டன்கூட வரைந்திருப்பான். தன் கல்யாணத்துக்கே அவன் அவ்வளவு மெனக்கெடவில்லை என்று அவன் மனைவி எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பொம்மைப் போர் ஆட்டத்துக்கு நாங்கள் கூடுவது ஊருக்கு வெளியே தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் மாடியில். கீழே தீயணைப்பு வண்டிகள், மேலே நாலு மீட்டர் மேஜையில் மலை, ஆறு, பாலம். எதிரில் ஜெர்மன் படையோடு செவெரின் உட்காருவான். மருந்துக்கடைக்காரன். ஜெயிப்பதைக்கூட மருந்து மாதிரி அளந்துதான் ஜெயிப்பான்.

நடுவர் நான். பெயர் இக்னாசி, ரயில்வேயில் கால அட்டவணை போடுபவன். ஒவ்வொரு படையிலும் எத்தனை லாரி, எத்தனை துப்பாக்கி, எத்தனை ஆள் என்ற பட்டியலைத் தயாரித்ததும் நான்தான். லாரிப்படைக்கான முழு அட்டவணை எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. பழைய குதிரை ரெஜிமென்ட்டுக்கான அட்டவணை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் உட்கார்ந்தேன். குதிரை என்று இருந்த இடத்தில் லாரி, தீவன வண்டி என்று இருந்த இடத்தில் பெட்ரோல் வண்டி என்று ஒவ்வொரு வரியாக மாற்றினேன். அந்தப் பட்டியலை இன்று நாலு ஊர்ச் சங்கங்கள் பயன்படுத்துகின்றன. சந்தேகம் கேட்டு எழுதிய இரண்டு பேரைப் பதில் கடிதத்திலேயே உட்கார வைத்தவன் நான். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டரை மணிக்கு வாலென்டியின் பன்னிரண்டு லாரிகள் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றன. பட்டியலில் 'இறங்கிப் போரிடுவோர்' என்ற கட்டத்தில் உள்ளபடி லாரிக்கு ஆறு பேரை இறக்கி வைத்தான்.

"இன்னிக்கும் இவ்வளவுதானா? மீதிப் பேரு சினிமாவுக்குப் போயிட்டாங்களா?" என்றான் செவெரின்.

"நீ பகடையை உருட்டுடா."

அப்போது நிலையத் தலைவி போக்னா படியேறி வந்தாள்.

"வெள்ளைக் காரு யாரோடது? கேட்ட மறிச்சிக்கிட்டு நிக்குது. எங்கயாவது தீப்பிடிச்சா உங்க பொம்மைங்க போய் அணைக்குமா?"

செவெரின் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினான். போக்னா மேஜையைப் பார்த்துக்கொண்டே ஒரு பன்னை எடுத்தாள்.

"லாரில எத்தன பேரு வராங்க?"

"டிரைவரை விட்டா ஒன்பது," என்றான் வாலென்டி.

"ஆறு பேருதானே இறங்கியிருக்காங்க. எங்க ஆளுங்க வண்டி நின்னா டிரைவரத் தவிர மொத்தப் பேரும் குதிச்சிடுவாங்க. மீதி மூணு பேரு உள்ள என்ன பண்றாங்க?"

பட்டியலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு உடனே சுருக்கென்று கோபம் வரும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

"குதிரையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மூணு குதிரைக்கு ஒரு ஆள். குதிரைப்படை இறங்கிச் சண்டை போட்டா அதுதான் கணக்கு."

போக்னா மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"எந்தக் குதிரைய?"

என் காது இரண்டும் சூடானது. குதிரைகளை லாரியாக்கினேன், தீவனத்தைப் பெட்ரோலாக்கினேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். ஏழு வருடமாக லாரிக்கு மூன்று பேர், இல்லாத குதிரைக்குக் கடிவாளம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வண்டிக்குக் காவல் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் வாலென்டி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு லாரி, முப்பத்தாறு ஆள். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுடா வாலென்டி. பட்டியல் தப்பு. ஏழு வருஷமா மூணுல ஒரு பங்கு ஆளு இல்லாம உன்ன ஆட வெச்சிருக்கேன். மன்னிச்சிடு."

"அப்ப எனக்கு மூளை இல்லைன்னு..."

"இல்லாதது எனக்கு."

செவெரின் திரும்பி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

"ஆட்டத்துக்கு நடுவுல பட்டியல மாத்தக் கூடாது. அந்த விதியப் போட்டதே நீதான்."

உண்மை. அதையும் நான்தான் எழுதினேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் சம்மதித்தால் ஒழிய நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. மணி மூன்று. லுப்ளின்காரர் ஐந்துக்கு வந்துவிடுவார்.

செவெரின் தன் நோட்டைப் புரட்டினான். அதில் அவன் வெற்றிகள் தேதியோடு நாற்பத்தொன்று இருந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு மூடினான்.

"அப்ப நான் இத்தன நாளா ஜெயிச்சது யாரை? குதிரை பிடிக்கிறவனுங்களையா?" என்று என்னை முறைத்தான். "எறக்குடா வாலென்டி. எல்லாரையும் எறக்கு. முழுப் படையோட நீ தோத்தாத்தான் எனக்கு மரியாதை."

வாலென்டி ஒவ்வொரு லாரியாகக் கையில் எடுத்தான். இருக்கை காலியாக இருக்கக் கூடாதென்று அந்த மூன்று பேரையும் சின்னக் களிமண் உருண்டை வைத்து ஒட்டி உட்கார வைத்திருந்தான். நகத்தால் நெம்பி எடுத்தான். யாரும் தொடாததால் கோட்டின் கறுப்பு புதிதாகவே இருந்தது. முப்பத்தாறு பேரை வரிசையாக வைக்க அவனுக்கு இருபது நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. போக்னா கீழே போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். வாலென்டி பாலத்தைப் பிடித்தான், செவெரின் மீட்டான், மறுபடி வாலென்டி பிடித்தான். செவெரினுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஏழு வருடத்தில் அவன் வியர்த்து நான் பார்த்ததில்லை. கடைசிச் சுற்றில் வாலென்டி உற்சாகம் தாங்காமல் எல்லோரையும் பாலத்துக்கே அனுப்பிவிட்டு மலையைக் காலியாக விட்டான். செவெரின் மலையேறி மேலிருந்து சுட்டான். பாலம் கைவிட்டுப் போயிற்று, ஆட்டமும்.

லுப்ளின்காரர் அப்போதுதான் கதவருகே வந்து, ஈரக் கோட்டோடு, பெட்டி எங்கே என்று கேட்டார்.

வாலென்டி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கைகாட்டினான்.

"விக்கலைங்க, மன்னிச்சிடுங்க. இது வரைக்கும் தோத்ததெல்லாம் இவன் தப்பு. இன்னிக்குத் தோத்தது என் தப்பு. மலையில ஆள் வெச்சிருக்கணும். அடுத்த சனிக்கிழமை வெச்சுப் பாக்கணும்."