சாயங்காலம்தோறும் தெற்கு வாசலில் துரோப்பீமு

நாடு கடத்தப்பட்ட குரு துரோப்பீமு, ஒன்பது வருஷம் தினமும் காலையில் வடக்கு வாசல் வழியாக ஊரை விட்டுப் போய், தினமும் சாயங்காலம் தெற்கு வாசல் வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்தார். வழியில் அவர் எங்கும் திரும்பவில்லை. கருங்கடல் கோட்டைக்குப் போகும் சாலை நேர் வடக்கு. அந்தச் சாலையில் ஒருநாள் பூரா நடந்தால் பொழுது சாயும்போது நம் ஊர்த் தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் வரும். அவ்வளவுதான். முதல் மாதம் ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்கள். அப்புறம் மழை, ஆட்டு நோய், புது வரி என்று அவரவர் பாடு.

அவர் செய்த குற்றம் ஒரு புத்தகம். நரகம் ஒருநாள் காலியாகும், கடைசியில் எல்லாரும் வீடு திரும்புவார்கள், சாத்தானும்கூட, என்று எழுதியிருந்தார். எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் இருக்கமாட்டார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள கோளாறு. ஆயர் அவரைச் சபையை விட்டு விலக்கினார். அதை வைத்து ஆளுநர் கருங்கடல் கோட்டைக்கு நாடு கடத்தினார். போகும் வழியில் எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக்கூடாது என்று உத்தரவு. அதனால் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். காவலுக்கு வந்த சிப்பாய் கோனோன் மலைநாட்டுக்காரன். மூன்று மாதத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தான்.

"யோவ் சாமி, தப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டுத் தொலையேன். சாத்தான் என்ன உன் மாமனா மச்சானா? அவன் வீடு திரும்பாட்டி உனக்கென்ன?"

"அவன் திரும்பலேன்னா நீயும் திரும்ப முடியாதுப்பா."

"இப்ப மட்டும் திரும்பிட்டனாக்கும்!"

ஏழாம் வருஷம் துரோப்பீமுவின் இரண்டு பாதமும் வெடித்துச் சீழ் வைத்தன. ஒன்பதாம் வருஷம் கோனோன் அவரைப் பாதி தூரம் முதுகில் சுமந்தான். அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். எங்கேயாவது, கோட்டையோ வீடோ, மறுநாள் எழுந்திருக்க வேண்டாத ஓர் இடத்தில் உட்கார வேண்டும்.

அந்த வருஷம்தான் திருத்தொண்டர் மேனாசு, துரோப்பீமுவின் தங்கை அம்மியாவிடம் உண்மையைச் சொன்னார். கோயிலில் ஞாயிறுதோறும் மெழுகுப் பலகையில் எழுதிய பெயர்களை அவர்தான் வாசிப்பார். குருக்கள் ஒரு பக்கம், பயணத்தில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, "வீடு கொண்டுவந்து சேரும், ஆண்டவரே" என்பார்கள். ஒன்பது வருஷம் முன், குருக்கள் வரிசையிலிருந்து துரோப்பீமுவை அழி என்று ஆயர் சொன்னார். மேனாசு அழித்தார். கை கேட்காமல் பயணிகள் வரிசையில் எழுதிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பட்டியலை வாய்தான் சொல்லும், காது கேட்காது. ஆயர் அந்த நேரத்தில் நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார், உதடு மட்டும் அசையும்.

அம்மியா கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அழிச்சிடுண்ணே."

"அழிச்சா இனிமே வரமாட்டாரு, தாயி. உன் கண்ணுல படமாட்டாரு."

"படவேண்டாம். போய்ச் சேரட்டும். ஒரு இடத்துல உக்காரட்டும். நீ பாசத்துல செஞ்ச, அவன் பாதம் போச்சு."

சனிக்கிழமை மேனாசு கட்டை விரலால் மெழுகைத் தேய்த்தார். ஞாயிறு அந்த இடம் வந்தபோது அழித்த தடத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டார். அந்த இடைவெளியில் கோயில் மொத்தமும், தோல்காரர்களும் கழுதைக்காரர்களும் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களும், ஒன்பது வருஷப் பழக்கத்தில் தாங்களாகவே சொன்னார்கள்: "துரோப்பீமு, அம்மியாவின் அண்ணன். வீடு கொண்டுவந்து சேரும், ஆண்டவரே." எல்லாரும் முடித்த பிறகு, பலிபீடத்தின் பக்கத்திலிருந்து அரைத்தூக்கத்தில் ஒரு குரல் தனியாக அதையே சொல்லி முடித்தது. ஆயர் கண்ணைத் திறந்தார்.

பலிபீடத்தின் முன் ஆயர் ஒருவன் பெயரைச் சொல்லி வேண்டினால் அவனைச் சபையில் சேர்த்துக்கொண்டதாகவே சட்டம். விலக்கினவன் பெயரை வேண்டுதலில் சொன்னார்கள் என்று, அந்தச் சட்டத்தை வைத்து நாலு குருக்களை விரட்டியவரே அவர்தான். அவருக்கும் வயது எழுபத்தெட்டு. சுற்றிலும் பார்த்தார். "சரி, மேலே வாசி," என்றார்.

அன்று சாயங்காலம் கோனோன் துரோப்பீமுவைச் சுமந்துகொண்டு வந்தான். உத்தரவு செத்துப்போன விஷயத்தை வாசலிலேயே சொன்னார்கள். அவரை அம்மியாவின் கட்டிலில் இறக்கிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மலைநாட்டுக்குப் போய்விட்டான். போய்ச் சேர்ந்தானா தெரியாது.

துரோப்பீமு அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். புத்தகத்தை எரிக்கவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. விடிந்ததும் படுத்தபடியே அவர் கால்கள் நடக்கத் தொடங்கும், பொழுது சாய்ந்ததும் நிற்கும். போர்வையில் ஒரு படி புழுதி சேர்ந்திருக்கும். அம்மியா அதைக் கொல்லையில் உதறிவிட்டு வந்து சோறு வைப்பாள்.