நானூறு பேரின் உப்பு

அப்பா முதல் வாய் எடுத்து வைத்து மென்று முடிக்கும்வரை மகளுக்கு உயிர் கையில் இருக்காது. நாலு மாதமாக இதே அவஸ்தை. அவர் முகம் சுளிக்காவிட்டால்தான் இவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்.

அப்பா ஒரு நூற்பாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். தினம் நானூறு பேருக்குச் சமைப்பவர் வீட்டில் கரண்டியைத் தொடமாட்டார். அம்மா போனபிறகு அது மகள் பாடு. தான் சமைத்ததைத் தானே தின்றால் அலுத்துவிடும் என்று மதியத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு போவார்.

ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டபோது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. இதை எனக்கே சொல்றாரு பாரு" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார் அப்பா. அவருடைய அண்ணனும் இப்படித்தான் சிரித்தார். ஐம்பத்தாறு வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு இப்போது ஐம்பத்தைந்து. சொல்லிக் கேட்கிற ஆளா அவர்?

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். சொட்டுச் சொட்டாக அளப்பவளுக்குச் சிட்டிகையை அளப்பது பெரிய காரியமில்லை. வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று உப்பைத் திருடினாள். அது தெரியாமலிருக்க எலுமிச்சை பிழிந்தாள், பூண்டைக் கூட்டினாள். அப்பா ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை. மகள் உள்ளுக்குள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"பாதிப் பேர் தட்டை அப்படியே திருப்பி வச்சுட்டாங்க. 'என்ன மாஸ்டர், ஆஸ்பத்திரிச் சாப்பாடு போடறீங்க'ன்னு மேனேஜர் கேக்கறாரு. இந்த மாசத்துல இது மூணாவது தடவை. இன்னொரு தடவை நடந்தா வேற ஆள் பாத்துப்பாராம்."

"உப்பு பாக்கலியாப்பா?"

"ரெண்டு தடவை பாத்தேன். எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

நானூறு பேருக்கும் உப்பு பார்ப்பது அந்த ஒரு நாக்குதான் என்பது, இத்தனை கணக்குப் போட்ட புத்திசாலி மகளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பா எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார்.

"அண்ணனுக்கும் மொதல்ல நாக்குதான் போச்சு. எனக்கும் வந்துருச்சும்மா."

சொன்னால் இனி அவள் கையால் சாப்பிடமாட்டார். சொல்லாவிட்டால் பயமே அவரைக் கொன்றுவிடும்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லப்பா. நான்தான் வீட்டுல உப்பைக் கொஞ்சங்கொஞ்சமா குறைச்சேன். உங்க நாக்கு அதுக்குப் பழகிடுச்சு."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"பிரஷர்?"

"போன வாரம் நான் பாத்தப்போ நூத்தி நாப்பது. நீங்கதான் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. முப்பது வருஷத்து வேலை, அவருடைய ஒரே கர்வம், அதைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று.

"பழையபடி போட்டுடறேன்பா. கொஞ்ச நாள்ல நாக்கு திரும்பிடும். வேலை போகாது."

அவர் போனை எடுத்து இரண்டாவது சமையல்காரரைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருஷமாகக் கூட நின்று வேலை செய்தும், ஒருநாள்கூட உப்பு பார்க்க அவரை விட்டதில்லை அப்பா.

"நாளையிலருந்து உப்பு நீ பாருப்பா."

"ஏன் மாஸ்டர், உடம்புக்கு என்ன?" என்ற குரல் மகளுக்கும் கேட்டது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "நாக்குதான் இனிமே ஊருக்கு ஆகாது."