கையை வைங்க சார்

ஷிஃப்ட் மணி அடிக்கும் முன்பே கட்டிங் ஹாலில் பிரஸ்கள் இறங்கத் தொடங்கிவிடும். வெளியே ஹைவேயில் லாரிகள் இன்னும் விளக்கை அணைக்காத நேரம். பதப்படுத்திய தோலின் காரமான வாடையும் மெஷின் எண்ணெயும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஆரோக்கியமேரி தோலை விரித்து, வடு இல்லாத இடமாகப் பார்த்து, கத்தி விளிம்புள்ள இரும்பு அச்சை வைப்பாள். பிரஸ் இறங்கி எழும். ஷூவுக்கான துண்டு அறுந்து கிடக்கும். நிமிர நேரமில்லை. கொஞ்சம் தாமதித்தால் தலைக்கு மேலுள்ள மின்பலகையில் அவளுடைய மெஷின் எண் சிவப்பாக எரியும். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வருவான்.

அந்தப் பலகை 2008இல் வந்தது. ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனி மாடியில் ஒரு சாஃப்ட்வேர் பிரிவைத் தொடங்கி, யார் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று கணத்துக்குக் கணம் காட்டும் புரோகிராமை எழுதியது. பிறகு அதை மற்ற ஃபேக்டரிகளுக்கு விற்பதாகவும் திட்டம்.

எப்சி அதே கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்தவள். தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் முடித்திருந்தாள். ஜெனரல் மேனேஜர் ராமமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, "லைனும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும். நீ புராடக்ட் மேனேஜருக்குப் படி" என்றார். சென்னையிலிருந்து நத்தானியேல் என்ற பயிற்சியாளர் வாராவாரம் வந்து வகுப்பெடுத்தார்.

"அஜைல்னு சொல்ற இந்த சாஃப்ட்வேர் முறையில எல்லாத்தையும் ஒரேடியா கட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு, உபயோகிக்கிறவங்ககிட்ட காட்டணும். அவங்க வேணாம்னா மாத்தணும். எது முதல்ல வரணும்னு சொல்றது புராடக்ட் மேனேஜர் வேலை. அவங்க குரல் நீங்கதான்" என்றார் நத்தானியேல்.

முதல் பயிற்சியில், உபயோகிப்பவர் யார் என்ற கேள்விக்கு எப்சி 'கட்டிங் தொழிலாளி' என்று போர்டில் எழுதினாள். வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த ராமமூர்த்தி எழுந்து வந்து அதை அழித்தார். 'மேனேஜ்மெண்ட்' என்று எழுதினார். நத்தானியேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புரோகிராமின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் சிவப்பு விளக்கு இன்னும் சீக்கிரமாக எரிந்தது. பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் உண்டு; இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் அது இறங்கும். கை அடியில் மாட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதற்கும் நேரமாகிறது என்று ஒரு பொத்தானை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி மேனேஜ்மெண்ட் ஆட்கள் ஒயர் போட்டுக் கட்டிவிட்டார்கள். இனி ஒரு கை அழுத்தும்போதே மறு கை அடுத்த அச்சை நகர்த்தலாம்.

ஆரோக்கியமேரியின் இடது கை அப்படித்தான் மாட்டியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். அச்சு சரிந்தது, அவள் பிடித்தாள், பிரஸ் இறங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

எப்சிக்கு அவள் உறவில்லை. ஆனால் எப்சி முதன்முதலாக வேலைக்கு வந்து அழுதுகொண்டிருந்த நாளில், தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டாள்:

"லைட்டு இன்னும் எரியுதாடி?"



மறுநாள் ராமமூர்த்தி கூப்பிட்டார். "அடுத்த பதிப்புல விபத்து நடந்தா 'தொழிலாளி கவனக்குறைவு'ன்னு தானா பதிவாகணும். ஷூ வாங்குற ஃபாரின் பையர் கேப்பான். அதை முதல்ல போடு."

"அந்த ஒயரு சார்?"

"அது மெஷின் சமாச்சாரம். உன் வேலையைப் பாரு."

"சரி சார்" என்றாள். படியிறங்கும்போது அவள் பல்லைக் கடித்தாள். அந்த மனுஷன் எல்லார் முன்னாலும் வேர்த்துப்போய் நிற்பதைப் பார்க்காமல் விடக் கூடாது என்று முடிவு செய்தாள். அதன்பின் ஒரு வகுப்பையும் அவள் தவறவிடவில்லை. நத்தானியேல் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டாள். கல்லில் கத்தி தீட்டுகிறவளின் கவனம் அது.

பயிற்சியின் கடைசி நாள் செயல்விளக்கம். புரோகிராமை வாங்க யோசித்திருந்த வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஃபேக்டரி முதலாளிகள் காரில் வந்து இறங்கினார்கள். விளக்கம் மாடியில் வேண்டாம், மெஷின் ஓடும் இடத்திலேயே காட்டலாம் என்று எப்சி சொன்னதும் ராமமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டிங் ஆட்களின் தலைவர் நிசார் அஹமதுவிடமும், மாடியில் புரோகிராம் எழுதும் சௌம்யாவிடமும் அவள் முன்பே பேசிவைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

பலகை எரிந்தது. விருந்தினர்கள் தலையாட்டினார்கள். எப்சி முன்னால் வந்தாள்.

"உபயோகிக்கிறவங்க ஏத்துக்கிட்டாதான் இது முடிஞ்ச வேலை. இதான் எனக்குச் சொல்லிக்குடுத்தது. அவங்களையே கேட்டுடலாம். அக்கா, வா."

கட்டுப் போட்ட கையுடன் ஆரோக்கியமேரி கூட்டத்தை விலக்கி வந்தாள்.

ராமமூர்த்தியின் முகம் மாறியது. "இவளை யாரு உள்ள விட்டது?"

"இது அவங்க மெஷின் சார்" என்றாள் எப்சி. "நீங்க ஒரு துண்டு வெட்டிக் காட்டுங்க. ஒயர் கட்டியே இருக்கு. லைட்டும் எரியுது. கையை வைங்க சார்."

"இன்னா பேசுற நீ? யார்கிட்ட பேசுற?"

"என் கவனக்குறைவுன்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க. நீங்க கவனமா இருப்பீங்கல்ல" என்றாள் ஆரோக்கியமேரி. "வைங்க."

நிசார் அஹமது இரும்பு அச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஜாஸ்தி வேணாம் சார், ஒரே ஒரு துண்டு. பின்னாடி நின்னு நாங்க கத்துறோம்."

ராமமூர்த்தியின் கை மெல்ல நகர்ந்து கால்சட்டைப் பைக்குள் போனது. நெற்றியில் வேர்வை கோடாக இறங்கியது. எப்சி கண்ணெடுக்காமல் அதைப் பார்த்தாள். இனித்தது. ஆனால் ஆரோக்கியமேரியின் கட்டு கண்ணில் பட்டதும், அந்த இனிப்பு போதவில்லை.

"இந்த நிமிஷத்தோட உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்! வெளிய போ!"

"போறேன் சார். இவங்க ஏத்துக்கலன்னு எழுதிக்குங்க."

"அவரு கையை வைக்கல" என்றார் நிசார் அஹமது, எல்லாருக்கும் கேட்கும்படி. "நாமளும் வைக்கப் போறதில்ல. ஒயரை அவுத்து, பலகையை இறக்குற வரைக்கும்."

ஒவ்வொருவராகப் பிரஸ்ஸை விட்டு விலகினார்கள். சாமிநாதன் என்ற வயதான கட்டர் மட்டும் தயங்கினார். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெற வேண்டியவர். பிறகு அவரும் ஏப்ரனைக் கழற்றினார்.

கேட்டுக்கு வெளியே, புழுதியில் உட்கார்ந்தார்கள். தையல் ஹால் பெண்கள் வந்தார்கள். சௌம்யாவும் அவளோடு புரோகிராம் எழுதும் செந்தில்குமாரும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"விபத்தை அவங்க தலையில போடுற அந்தப் புரோகிராமை எழுத மாட்டோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்" என்றாள் சௌம்யா. பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

உள்ளே ராமமூர்த்தி போலீசுக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். விருந்தினர் கார்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டன. வெயில் ஏறியது. எப்சிக்கு வேலை போய்விட்டது. பிரஸ்ஸில் ஒயர் அப்படியேதான் இருந்தது.

நிசார் அஹமதுவின் செல் அடித்தது. வாணியம்பாடி ஃபேக்டரியில் பிரஸ் ஓட்டும் ஆபித் பாஷா என்ற ஒருவர். அங்குள்ள முதலாளியின் டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"பாய், எங்க பிரஸ்லயும் ஒயரு கட்டியிருக்கானுங்க. எங்காளுங்க ரெண்டு பேருக்கு விரல் போச்சு. அங்க எத்தினி நாள் உக்காரப் போறீங்க?"

நிசார் அஹமது ஃபோனை எப்சியிடம் நீட்டினார். அவள் ஆரோக்கியமேரியைப் பார்த்தாள். ஆரோக்கியமேரி வலது கையால் ஃபோனை வாங்கினாள்.

"நீங்க வர்ற வரைக்கும் இருக்கோம்" என்றாள். "அப்பறமும் இருப்போம்."