காணாமல் போன குப்பை

குப்பையைக் காணவில்லை.

காலை எட்டு மணி பத்து நிமிடம். கால்வாய்க்கரை. இளைஞர் ஆலோசனைக் குழுவின் தலைவி கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். போன வாரம் இதே இடத்தில் மலைபோலக் கிடந்த குப்பை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவளே நடந்து அளந்து, படம் எடுத்து, யார் எந்தப் பக்கம் அள்ளுவது என்று வரைபடம் போட்டு வைத்திருந்த குப்பை. ஒரு பிளாஸ்டிக் பை கூட மிச்சம் வைக்காமல் மாயமாகியிருந்தது.

அவளுக்குப் பின்னால் அறுபது தன்னார்வலர்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் புத்தம்புதுக் கையுறை, முகத்தில் முகமூடி. பாதிப் பேரிடம் துடைப்பம், மீதிப் பேரிடம் மண்வெட்டி. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தாரை வார்த்துவிட்டு வந்த பள்ளி, கல்லூரி முகங்கள்.

"அக்கா, எதைக் கூட்டணும்?" கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

நியாயமான கேள்வி.

தலைவிக்கு வயது பத்தொன்பது. தலைவி என்பது பெரிய வார்த்தைதான். நகராட்சி மன்றத்தில் யாரோ ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, 'இளைஞர்களின் குரலைக் கேட்க வேண்டும்' என்று பேசிவிட, அந்தக் குரலைக் கேட்பதற்காகப் பன்னிரண்டு பேரைப் பிடித்து ஒரு குழு அமைத்தார்கள். ஆறு மாதச் சோதனை. அந்த ஆறு மாதத்தில் குழுவிடம் கேட்கப்பட்ட ஆலோசனைகள் மொத்தம் இரண்டு. அறிவிப்புப் பலகைக்கு நீலம் அடிக்கலாமா, பச்சை அடிக்கலாமா என்பது ஒன்று. கூட்ட அறையின் மின்விசிறி போதுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நீலம் என்றார்கள். பச்சை அடித்தார்கள்.

'கேட்க மாட்டேன்கிறார்களா? சரி, செய்து காட்டுவோம்' என்று கிளம்பியவள்தான் தலைவி. சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. சரியாக ஒன்பதரை மணிக்கு நகராட்சி ஆணையர் வருவார். பார்ப்பார். பார்த்துவிட்டுக் கோப்பில் ஒரே ஒரு சொல் எழுதுவார். 'தொடரலாம்' அல்லது 'கலைக்கலாம்'.

"அக்கா, நூறு சதவீதம் சுத்தம்" என்று மூச்சு வாங்க ஓடி வந்தான் துணைத்தலைவன். எதைச் சொன்னாலும் சதவீதத்தோடு சொல்வதால் அவனுக்குப் புள்ளிவிவரம் என்று பெயர். "கரை முழுக்கப் பார்த்துட்டேன். ஒரு காகிதம் இல்ல. லாரி டயர் தடம் இருக்கு. மண்ணுல துடைப்பக் கோடு இருக்கு. அப்புறம்... பாதை ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்காங்க."

தலைவி குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு. அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல, கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு இடத்தில்கூட நெளியாமல்.

இப்படி ஒரு கோடு இழுக்கும் கை இந்த நகரத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கை இன்று காலையில்கூட அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து எழுப்பிவிட்டிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

நகராட்சித் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கோடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தார்.

"என்னடி இன்னும் பேனர் கட்டலை?"

"அம்மா, இங்க இருந்த குப்பை எங்க?"

"அள்ளியாச்சு. நாலு லாரி."

"யாரைக் கேட்டு அள்ளினே?"

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இது நல்ல கூத்தா இருக்கே! இருபத்திரண்டு வருஷமா, ஏன் அள்ளலைன்னு கேட்டுத்தான் ஊரே என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கு. ஏன் அள்ளினேன்னு கேட்ட முதல் ஆள் நீதான்."

அறுபது பேரும் சிரித்தார்கள். முகமூடி போட்டிருந்ததால் யார் அதிகம் சிரித்தது என்று தலைவியால் குறித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

"உத்தரவு வந்துச்சு" என்று அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ஆணையர் வர்றார், கரையை முன்கூட்டியே சுத்தம் பண்ணி வைன்னு. என் எட்டு ஆளையும் கூட்டிட்டு வந்து ரெண்டு நாளா இடுப்பொடிஞ்சோம். அந்த உத்தரவு எப்படி வந்துச்சு தெரியுமா? ஆணையரைக் கூப்பிட்டு ஒருத்தர் கடுதாசி எழுதியிருக்காங்க. ஒன்பது பிரிவுக்கு நகல் வேற, எனக்கும் ஒண்ணு வந்திருக்கு. கீழ யார் கையெழுத்துன்னு படிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"பரவால்ல, அழகான கையெழுத்துதான்."

"அம்மா! அவர் நாங்க குப்பை அள்றதைப் பார்க்கத்தானே வர்றார்?"

"ஆமா. ஆனா அவர் வர்ற இடத்துல குப்பை இருக்கக் கூடாது. எனக்கு வந்த உத்தரவு அவ்வளவுதான்."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பிரிட்ஜ் கதவுல என்ன ஒட்டியிருக்கு, மறந்துட்டியா?"

குழுவுக்கு அவள் தேர்வான அன்று, 'அம்மா நகராட்சியில இருக்காங்கல்ல, அதான்' என்று யாரோ மாடிப்படியில் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், 'இந்த வீட்டுக்குள் நகராட்சிப் பேச்சுக்கு அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அம்மாவும் ஆறு மாதமாக அதைக் கடுகளவும் மீறவில்லை. நல்ல அரசு ஊழியர்.

எட்டு இருபத்தைந்து.

புள்ளிவிவரம் அவள் காதருகே வந்தான். "அக்கா, ஒரு யோசனை. அந்த நாலு லாரியில ஒண்ணை மட்டும் திரும்பக் கொண்டு வந்து கொட்டச் சொன்னா? இருபத்தஞ்சு சதவீதம் போதும் நமக்கு."

"கேட்டுடுச்சு" என்றார் அம்மா. "அள்ளின குப்பையைத் திரும்பக் கொட்டறதுக்கு எந்த விதியில இடம் இருக்குன்னு காட்டு தம்பி, நானே நின்னு கொட்டறேன்."

அவன் சளைக்கவில்லை. இந்தத் தடவை குரல் இன்னும் தாழ்ந்தது. "அப்போ விடுங்க. இடம் சுத்தமாத்தானே இருக்கு? நாம விடிஞ்சதும் வந்து முடிச்சிட்டோம்னு சொல்லிடலாம். கையுறையில கொஞ்சம் மண்ணைத் தேய்ச்சுக்கலாம். போட்டோ எடுக்கலாம். அவர் சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டுடுவார்."

தலைவி உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. சுத்தமான கரை, வெள்ளைக் கோடு, வரிசையாக அறுபது பேர். 'தொடரலாம்' என்ற சொல் கோப்பில் மை உலராமல் மின்னுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பார்க்கறே?" என்றார் அம்மா. "எனக்குச் சொன்ன வேலையை முடிச்சாச்சு. யார் அள்ளினாங்கன்னு யாராவது கேட்டாத்தானே நான் சொல்லணும்? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வலது தோளை இடது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டார். நாலு லாரிக் குப்பை அள்ளிய தோள்.

தலைவிக்குச் சுருக்கென்றது.

"அந்த எட்டுப் பேரும் வழக்கமா எங்கம்மா வேலை பார்ப்பாங்க?"

"சந்தைக்குப் பின்தெரு."

"அவங்க ரெண்டு நாளா இங்க இருந்தாங்கன்னா, அங்க?"

அம்மா முதல்முறையாகப் பதில் சொல்லத் தயங்கினார். "அதை ஏன் கேக்கறே? சாக்கடை அடைச்சு ரோட்டுல ஓடுது."

தலைவி திரும்பி அறுபது பேரையும் பார்த்துக் கையைத் தட்டினாள். "எல்லாரும் கிளம்புங்க! பத்து நிமிஷ நடை. குப்பை கிடைச்சிடுச்சு!"

"ஆணையர்?" புள்ளிவிவரம் அலறினான்.

"கேமரா இங்கயே இருப்பா." கேமரா என்பது குழுவின் படப்பிடிப்பாளரான ஒல்லிப் பெண். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தலைவி அவள் பக்கம் திரும்பினாள். "அவர் வந்ததும் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. போன்ல கூட சொல்லாதே."

கேமரா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அடியேய், நில்லு." அம்மா மகளின் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். குரலில் கேலி இல்லை. "அந்தத் தெருவை அவர் கண்ணால பார்த்தா, உன் குழுவை விடு, ஏன் இப்படிக் கிடக்குன்னு விளக்கம் கேட்டு எனக்குத்தான் தாள் வரும்."

தலைவி நின்றாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. "அப்போ... வேண்டாமாம்மா?"

அம்மா கையிலிருந்த உத்தரவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்.

"வரட்டும். எனக்கும் ரொம்ப நாளா விளக்கம் எழுதணும்னு ஆசை. யாரும் கேக்கத்தான் மாட்டேங்கறாங்க. ஏறு பின்னாடி."

சந்தைப் பின்தெரு அவர்களை மூக்கிலேயே வரவேற்றது. அழுகிய தக்காளி, ஊறிப்போன அட்டைப்பெட்டி, கணுக்கால் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். வரைபடம் போடவெல்லாம் அவகாசம் இல்லை. காய்கறிக்காரப் பெண்மணி ஒருவர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ரெண்டு நாளாக் கூவினேன், ஒரு ஆளு வரலை. இப்ப என்னடான்னா படையே வந்திருக்கு! எந்தப் பள்ளிக்கூடத்துல தண்டனை?"

"தண்டனை இல்லைங்க, சேவை."

"எதுவோ ஒண்ணு. முதல்ல அந்தச் சாக்கடை மூடியைத் தூக்குங்க."

அடுத்த கால் மணி நேரத்தில் இரண்டு பேர் சுவரோரம் போய் வாந்தி எடுத்தார்கள். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அம்மா கூப்பிட்டனுப்பிய துப்புரவுப் பணியாளர்கள் எட்டுப் பேரும் தங்கள் சாமான்களோடு வந்து சேர்ந்தபோது, புள்ளிவிவரம் மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, காத்துக்கு எதிராக் கூட்டறீங்க" என்றார் அவர்களில் ஒருவர். "பாதித் தெரு உங்க மேலதான் இருக்கு."

"எத்தனை சதவீதம்னு கேளுங்கண்ணே" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது.

ஒன்பதே முக்கால். தலைவி மூட்டையைக் கட்டிக்கொண்டே தெருமுனையைப் பார்த்தாள். ஒருவேளை அவர் வராமலே போய்விட்டால்? கால்வாயில் யாரையும் காணாமல், காரில் உட்கார்ந்தபடியே அந்த இன்னொரு சொல்லை எழுதிவிட்டால்?

தெருமுனையில் கேமரா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த இடமாகப் பார்த்துத் தாவித் தாவி ஆணையர் வந்தார். பின்னாலேயே போனும் கையுமாக அவருடைய உதவியாளர்.

வேலை நின்றது. துடைப்பங்கள் நின்றன.

ஆணையர் மூக்கருகே கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நீளமாகப் பார்த்தார்.

"இந்த ஏரியாவுக்கு யார் பொறுப்பு?"

அம்மா ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தான் சார்."

"ஏன் இப்படிக் கிடக்கு?"

"ஆளுங்க ரெண்டு நாளா கால்வாய்க்கரையில இருந்தாங்க சார். நீங்க வர்றீங்கன்னு." தாளை எடுத்து நீட்டினார்.

ஆணையர் படித்தார். திருப்பிப் பார்த்தார். "ஆணையருக்காகன்னு யாரோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் இதைப் பார்க்கவே இல்லையே?"

"நீங்க பார்க்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிடும் சார்."

ஆணையர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் வானத்தைப் பார்த்தார்.

"ஒன்றரை வருஷமா இந்த ஊரைச் சுத்தறேன்" என்றார் ஆணையர், யாரிடம் என்றில்லாமல். "போற இடமெல்லாம் பளிச்சுன்னுதான் இருந்துச்சு."

தலைவி நெற்றி வியர்வையைத் துடைத்தாள். துடைத்த கையில் என்ன இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

"இங்க நீங்க வர்றீங்கன்னு நாங்க யாருக்கும் சொல்லலை சார்" என்றாள்.

கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீதானே குழுவோட தலைவர்?"

"இன்னிக்கு வரைக்கும் சார்."

"ஆலோசனைக் குழுன்னா ஆலோசனை சொல்லணும். சொல்லு, கேட்கிறேன்."

ஆறு மாதமாகக் காத்திருந்த கேள்வி. அதற்காக இருபது பக்க அறிக்கை ஒன்று தயாரித்து வைத்திருந்தாள். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"வாரத்துல ஒரு நாள் எங்கயாவது போங்க சார். எங்க போறீங்கன்னு முன்னாடி சொல்லாம போங்க."

"டிரைவருக்குச் சொல்லித்தானே ஆகணும்?"

"வண்டி கிளம்பினப்புறம் சொல்லுங்க சார்."

காய்கறிக்காரப் பெண்மணி களுக்கென்று சிரித்துவிட்டுத் தராசின் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆணையர் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்ததை அடக்கினார் என்று கேமரா அப்புறம் சொன்னாள். அந்த மாதத்தில் அவள் பேசிய நாலு வார்த்தையில் அதுவும் சேர்த்தி.

"கோப்பு" என்று கையை நீட்டினார். உதவியாளர் கொடுத்தார். எழுதுவதற்கு மேஜை இல்லை. புள்ளிவிவரம் ஓடிப்போய் முதுகைக் காட்டிக் குனிந்தான். அந்த முதுகில் தெரு ஒட்டியிருந்ததால் ஆணையர் யோசித்துவிட்டு, தராசு வைத்திருந்த பெட்டிமேல் வைத்தே எழுதினார்.

"இன்னும் ஒரு வருஷம்" என்றார். "அதுவரைக்கும் உங்களை நான் தாங்கறேனா பார்க்கலாம்." பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "உங்க விளக்கத்தை எழுதிக் குடுங்க. என் கையில குடுங்க, வேற யார் கையிலயும் வேண்டாம்."

"சார், அடுத்து எங்க சார்?" உதவியாளரின் கட்டைவிரல் போன்மேல் தயாராக நின்றது.

"நட. சொல்றேன்."

இருவரும் கார் நின்ற பக்கம் போகவில்லை. மீன் கடைச் சந்துக்குள் திரும்பினார்கள்.

அறுபது பேரும் கத்திய கத்தலில் கூரைமேலிருந்த காக்கைகள் கிளம்பின. தலைவி குதிக்கப் போனாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அமுக்கினார்.

"நல்லா ஆலோசனை சொன்னே போ! இனிமே அந்த மனுஷன் எந்தச் சந்துல எப்ப முளைப்பாருன்னு தெரியாம நான் ஊர் முழுக்கக் கூட்டிக்கிட்டே இருக்கணும். பெத்த தாய்க்கு வேலை வெச்சுட்டு நிக்கறா பாரு, பல்லைக் காட்டிக்கிட்டு." திட்டிக்கொண்டே மூட்டையின் ஒரு முனையைத் தூக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அந்தப் பக்கம் பிடி. லாரி வந்துடும்."

தலைவி பிடித்தாள்.